மாறித் தெரிந்த மான்செஸ்டர்

கிளென் வேவர்லி, மெல்பேர்ண்
18.7.1976, ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய சிறிதரன் மாமாவுக்கு,

மருமகள் ரஞ்சினி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது. ஆனால் ஜூலை மாதத்துச் சளியைச் சுகக்குறைவில் சேர்க்கக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். நீங்களும் மாமியும் கமலினி சித்தியும் மான்செஸ்டரில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று குசினியில் அரிசி, பருப்பு வைக்கும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இதைத் தொடங்குகிறேன். நேற்று எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், யார் என்ன சொன்னார்களோ அதை அவர்கள் வாயில் வந்த சொல்லாகவே எழுதப் போகிறேன். இதை வாசிக்கும்போது சிலரைப் பற்றி நல்ல எண்ணம் வராது. ஓரிடத்தில் என்னைப் பற்றியும் வராது. அந்த இடத்தையும் விட்டுவிடாமல் எழுதுவேன்.

நீங்கள் அனுப்பிய முப்பத்தாறு கலர் ஸ்லைட்டுகளும் சென்ற புதன்கிழமை ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. பெண் பார்ப்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவர்கள் ஸ்பிரிங்வேலில் இருக்கிறார்கள், காரில் இருபது நிமிடம். பெண்தான் மான்செஸ்டரில் இருக்கிறார். ஆகவே பெண்ணைச் சுவரில் காட்டுவது என்று நீங்களும் அம்மாவும் கடிதத்தில் முடிவெடுத்தது புத்தியான முடிவு என்றே நினைக்கிறேன். முன்பு அனுப்பிய பாஸ்போர்ட் படத்தை மட்டும் பார்த்து இரண்டு சம்பந்தங்கள் விலகிப் போய்விட்டன. அந்தப் படத்தில் சித்தி, யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்பும் கேளாமல் போனதுபோல் நிற்கிறார். இந்த மூன்றாவது சம்பந்தமாவது சரிவர வேண்டுமென்பதில் அம்மா மிகவும் கவனமாக இருந்தார். அம்மாவுக்கு இந்த நாட்டில் தன் பக்கத்துச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை, சித்தியைக் கண்டு ஏழு வருடமாகிறது. சித்தி இங்கே வந்துவிட வேண்டும் என்று அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் ஸ்பிரிங்வேலுக்குப் போகும் பஸ்களின் நேர அட்டவணையைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். எங்களுக்கு ஸ்பிரிங்வேலில் இப்போதைக்கு ஒரு வேலையும் இல்லை.

புரொஜெக்டரை என் புவியியல் ஆசிரியை திங்கட்கிழமை காலை வரைக்கும் இரவல் தந்தார். அதை இயக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார், ஏனென்றால் அதன் விளக்கப் புத்தகத்தை இந்த வீட்டில் முழுக்க வாசித்தவள் நான் ஒருத்திதான். மூன்று தரம் வாசித்தேன். ஸ்லைட்டைத் தலைகீழாக, பளபளப்பான பக்கம் உள்ளே இருக்கும் விளக்கைப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் ஒரேயளவாகத்தான் பளபளத்தன. ஆனால் நீங்கள் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் அழகான கையெழுத்தில் இலக்கம் போட்டிருந்தீர்கள். ஓர் எஞ்சினியர் இலக்கம் போடும் பக்கம்தான் சரியான பக்கமாக இருக்கும் என்று முடிவுசெய்து, முப்பத்தாறையும் அந்தப்படியே அடுக்கினேன். இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். மேலும் நூலகத்தில் எடுத்த புத்தகத்திலிருந்து மான்செஸ்டரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றிப் பதினான்கு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன், படத்துக்குப் படம் வாசிப்பதற்காக. அதில் ஐந்து வசனங்கள்தான் வாசிக்கக் கிடைத்தன.

சரியாக மூன்று மணிக்கு வந்தார்கள். சரியாக மூன்று மணிக்கு வரக் காரணம், மாப்பிள்ளையின் அப்பா மகாலிங்கம் அங்கிள் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மாப்பிள்ளையின் அம்மா நாகலட்சுமி அன்ரி பெரிய கதிரையில் நடுவாக இருந்தார். மாப்பிள்ளை சிவமணி அண்ணை உயரமானவர், தொலைபேசி இலாகாவில் எஞ்சினியர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வந்ததிலிருந்து போகும் வரைக்கும் “ஓம்” என்று இரண்டு தரமும் “காணும் அன்ரி” என்று மூன்று தரமும் சொன்னார், அதுவும் பற்றிஸ் பலகாரத் தட்டு நீட்டப்பட்டபோது, போதும் என்பதற்காக. அப்பா ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டார், அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பு சுவரில் ஏறியது, நான் முதலாம் இலக்கத்தைத் தள்ளினேன்.

முதலாம் படம் மான்செஸ்டர் நகர மண்டபம். மிகவும் கம்பீரமாக இருந்தது. சித்தி அதன் அடியில் ஒரு செத்தல் மிளகாய் அளவில் சிவப்பாக நின்றார். “பிள்ளை எங்க?” என்று நாகலட்சுமி அன்ரி கேட்டார். நான் எழுந்து போய்ச் சுவரில் தொட்டுக் காட்டினேன். இரண்டாம் படம் ஸ்டொக்போர்ட் ரயில் பாலம். இதற்கு ஒரு கோடியே பத்து லட்சம் செங்கற்கள் பிடித்தன என்ற வசனத்தை வாசித்தேன். “செங்கல்லை எண்ணினவை, பிள்ளையை ஒருக்காக் கிட்ட நிண்டு எடுக்கக்கூடாதோ?” என்றார் அன்ரி. மாமா, நீங்கள் கட்டடத்தின் அளவு விளங்குவதற்காகத்தான் சித்தியை அங்கே நிறுத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை நான் அங்கே சொல்லவில்லை. மூன்றாம் படம் கால்வாய்க்கு மேலே போகும் கால்வாய். கீழே கப்பல் வந்தால் மேலே இருக்கும் கால்வாய் தன் தண்ணீரோடு திரும்பி வழிவிடும் என்று வாசித்தேன். மகாலிங்கம் அங்கிள் கண்ணைத் திறந்து, “தண்ணி சிந்தாதோ?” என்றார். இரண்டு முனையிலும் கதவு உண்டு என்றேன். “அப்ப சரி” என்று மறுபடி கண்ணை மூடினார். இதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

நாலாம் படம் ஒரு பெரிய தெரு, நிறையப் பஸ்கள், எல்லாம் தெருவின் வலது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. “இங்கிலாந்தில இடப்பக்கம் எல்லோ ஓடுறது?” என்று அன்ரி கேட்டார். அப்பா இங்கிலாந்துக்குப் போனதில்லை, ஆனால் அதைப் பற்றிய ஒரு கேள்விக்கும் பதில் தெரியாமல் இருந்ததும் இல்லை. “முந்தி அப்பிடித்தான் அக்கா. இப்ப ஐரோப்பியப் பொதுச் சந்தையில சேர்ந்திட்டினம் பாருங்கோ. பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் வலப்பக்கம். சேர்ந்தா சேர்ந்த மாதிரி நடக்கத்தானே வேணும்” என்றார். பத்திரிகையில் அப்படி ஒன்றும் நான் வாசிக்கவில்லையே என்று யோசித்தேன். ஆனால் அப்பா அதன் பிறகு பால், வெண்ணெய், ஆட்டிறைச்சி என்று நியூசிலாந்து வரைக்கும் விளக்கிக்கொண்டு போனபடியால் நானும் நம்பிவிட்டேன்.

ஐந்தாம் படம் செஸ்டர் என்னும் பழைய ஊர். ஊரைச் சுற்றி ரோமர் காலத்தில் தொடங்கிய மதில் இருக்கிறது, சனங்கள் அதன் மேல் ஏறி நடக்கிறார்கள், வாசலின் மேலே ஓர் அலங்காரமான மணிக்கூடு. சித்தி மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றார். இந்த முறை ஒரு கத்தரிக்காய் அளவு இருந்தார். மணிக்கூட்டைக் கண்டதும் மகாலிங்கம் அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்து, “எட்டு மணி” என்றார். அன்ரி, “காலமையோ பின்னேரமோ?” என்றார். “நிழலைப் பார்த்தாப் பின்னேரம்.” “எட்டு மணிக்கு எப்பிடி வெயில்?” “கோடையில அங்க அப்பிடித்தான்” என்று அப்பா ஆதரவாகச் சொன்னார், அது உதவியாக இல்லை. “அப்ப, கலியாணமாகாத பிள்ளை இரவு எட்டு மணிக்கு மதில் ஏறி நிக்குது” என்று நாகலட்சுமி அன்ரி மெதுவாகச் சொல்லி, வாயிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் நிறுத்தினார். அம்மா, “அண்ணனும் கூட நிண்டவர்தானே, படம் எடுத்தவர் அவர்தானே” என்றார். “தமையனும் சேர்ந்துதான் மதில் ஏறினவரோ?” என்று அன்ரி கேட்டார். மாமா, உங்களைப் பற்றி நேற்றுச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

ஆறாம் படத்தில் ஒரு தேநீர்க் கடையும் அதன் பெயர்ப்பலகையும் இருந்தன. பலகையில் இருந்த எழுத்துகளை வாசிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ‘N’ மாறி நின்றது. ‘R’ மறுபக்கம் திரும்பி நின்றது. “உதென்ன எழுத்து?” என்று அன்ரி கண்ணைச் சுருக்கினார். மூக்குக்கண்ணாடியை அவர் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. “அது வேல்ஸ் பாஷை. செஸ்டர் வேல்ஸ் எல்லையில இருக்கு. அவையின்ர எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது” என்றார். சிவமணி அண்ணை பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அந்த நேரம் அம்மா அவர் முகத்துக்கு நேரே பற்றிஸ் தட்டை நீட்டியிருந்தார்.

நான் முன்னே சொன்ன இடம் இதுதான். எல்லாப் படங்களும் இடம் வலமாக மாறித் தெரிகின்றன, மணி எட்டு அல்ல நாலு, பஸ்கள் வழக்கம்போல் இடது பக்கம்தான் ஓடுகின்றன என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பா பொதுச் சந்தையை விளக்கி முடித்துப் பத்து நிமிடமும் ஆகியிருக்கவில்லை. வேல்ஸ் பாஷையை இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். அத்துடன் என்னை எல்லோருக்கும் காட்டி, “புத்தகம் முழுக்க வாசிச்சிட்டுத்தான் போடுறாள்” என்று அவர் சொல்லியிருந்தார். இனி வரும் படங்களிலும் சித்தி காய்கறி அளவில்தான் இருப்பார், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று கணக்குப் போட்டு ஏழாம் இலக்கத்தைத் தள்ளினேன். மாமா, நீங்கள் ஏழாம் படத்தில்தான் கிட்ட நின்று எடுத்திருந்தீர்கள்.

பக்ஸ்டன் ஊர். நிலத்துக்குள்ளிருந்து வெதுவெதுப்பான நீர் தானாக ஊறி வருகிறது, குடித்தால் வாதம் குறையும் என்று முன்னோர்கள் நம்பினார்கள். சித்தி கிணற்றடியில் நின்று, கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துச் சிரித்துக்கொண்டு குடிக்கிறார். மிகவும் வடிவாக இருந்தார். அம்மா “கமலி” என்று தன்னையறியாமல் சொன்னார். நாகலட்சுமி அன்ரி எழுந்து விரிப்புக்குக் கிட்டப் போனார். சித்தியின் முகம் அவருடைய முதுகில் விழுந்தது. “யோகா, உம்மட தங்கச்சி முந்தானையை எந்தத் தோளில போட்டிருக்கிறா?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பார்த்தார். வலது தோளில் இருந்தது. “அங்க குஜராத்திச் சனம் நிறைய, அவை வலத் தோளிலதான் போடுறவை” என்று அப்பா சொன்னார். “அவையளைப் பார்த்துப் பழகியிருப்பா.” அன்ரி அதைக் காதில் வாங்கவில்லை. “சீலை கிடக்கட்டும். எந்தக் கையால தண்ணி குடிக்கிறா?”

எட்டாம் படம் ஒரு பெரிய வட்ட டெலஸ்கோப். அதை ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்பதாம் படம் நகரின் நடுவில் இருக்கும் பூங்கா. சித்தி நீண்ட மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து புறாக்களுக்குப் பாண் துண்டு போடுகிறார், புறா ஒன்று கையிலேயே ஏறியிருக்கிறது. அது விரிப்பில் இடது கை. “கடவுளே” என்றார் அன்ரி. “தண்ணியும் இடது கை, தீனும் இடது கை. நாளைக்கு வீட்டுக்கு வந்த ஆக்களுக்குச் சோறும் அந்தக் கையாலதான் போடுவாவோ?” அம்மா, “இல்லை அக்கா, அவ சோத்துக்கை பாவிக்கிறவதான், நான் சின்னனில இருந்து கண்டனான்” என்று தொடங்கினார். “நீர் அவவைக் காணாம ஏழு வருஷம் எண்டு நீர்தானே சொன்னனீர்” என்று அன்ரி சொன்னார். மிச்சம் இருபத்தேழு படங்களையும் ஒருவரும் கேட்கவில்லை. பிளாக்பூல் கடற்கரையும் கழுதைகளும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. மகாலிங்கம் அங்கிள் மணியைப் பார்த்து, “நாலு முப்பத்தெட்டு” என்றார். “போட்டு வாறம்” என்று சொல்லிக் கிளம்பினார்கள். சிவமணி அண்ணை வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், காருக்குள்ளிருந்து அன்ரி ஹோர்ன் அடித்தார்.

அவர்கள் போனபின் அப்பா இரவல் கதிரைகளைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அம்மா விரிப்பைக் கழற்றி மடித்தார், பிறகு மறுபடி விரித்து மறுபடி மடித்தார். அப்போது நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் படத்தைத் திருப்பிப் போட்டும் காட்டினேன்: முந்தானை இடது தோளில், புறா வலது கையில். அம்மா என்னைத் திட்டவில்லை, “இதை ஆறாம் படத்தில சொல்லியிருந்தா என்ன பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். உடனே நாகலட்சுமி அன்ரிக்கு ஃபோன் எடுத்து, படம் மாறி விழுந்துவிட்டது என்று விளக்கினார். அன்ரியின் குரல் எனக்கே கேட்டது: “படம் எப்பிடி யோகா பொய் சொல்லும்? ஆக்கள்தான் சொல்லுவினம்.” அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், பொதுச் சந்தையையும் வேல்ஸையும் ஒரே நாளில் அவர் இழப்பது கஷ்டம் என்பதால்.

ஆகவே மாமா, இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். தயவுசெய்து உடனடியாக, விமானத் தபாலில், கமலினி சித்தி வலது கைக்காரர் என்று ஒரு அத்தாட்சிக் கடிதம் அனுப்பவும். சித்தி வேலை செய்யும் மருந்தகத்தின் பெரியவர் கையெழுத்து இருந்தால் மிகவும் நல்லது. சித்தி வலது கையால் எழுதிக்கொண்டிருப்பதுபோல ஒரு படமும், முந்தானை தெளிவாகத் தெரியும்படி, பின்னால் கட்டடம் எதுவும் இல்லாமல், கிட்ட நின்று எடுத்து அனுப்பவும். ஸ்லைட் வேண்டாம், காகிதப் படமாகவே அனுப்பவும். செஸ்டர் மணிக்கூடு அப்போது நாலு மணி காட்டியது என்றும் ஒரு வரி சேர்க்கவும். அது மகாலிங்கம் அங்கிளுக்கு.

மாமிக்கு என் வணக்கத்தையும் சித்திக்கு என் மன்னிப்பையும் தெரிவிக்கவும். அம்மாவும் அப்பாவும் உங்கள் எல்லோரையும் அன்போடு கேட்டதாகச் சொன்னார்கள். எல்லா நன்மையும் உங்கள் வீட்டில் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள மருமகள்
ரஞ்சினி சிவபாலன்

பி.கு.: ஞாயிறு பின்னேரம். மாமா, மேலே கேட்ட ஒன்றையும் அனுப்ப வேண்டாம். தபால்தலை ஒட்டியபின் உறையை ஆவியில் பிடித்துத் திறந்து இதை எழுதுகிறேன். அரை மணித்தியாலத்துக்கு முன் சிவமணி அண்ணை தனியாக வந்தார். கழுத்துப்பட்டி கட்டவில்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு, “அம்மா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. நான் ஓம் எண்டு சொல்ல வந்தனான்” என்றார். அம்மா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். பிறகு அவர் ஒரே மூச்சில் பேசினார்: “நானும் பிறவியில இடது கைதான் அன்ரி. அம்மா அந்தக் கையைத் துணியால கதிரையில கட்டிப்போட்டுச் சோறு தின்னப் பழக்கினவ. இப்பவும் ஆக்களுக்கு முன்னால எழுத வந்தாக் கை நடுங்கும். உங்கட தங்கச்சி என்னெண்டா, ஊர் நடுவில, எல்லாரும் பார்க்க, அந்தக் கையில புறாவை ஏத்தி வச்சுச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறா. நான் இரவு முழுக்க அதையே நினைச்சுக்கொண்டு கிடந்தனான்.” அம்மா, “தம்பி, அந்தப் படம் மாறி…” என்று தொடங்கினார். “தெரியும். படம் மாறிப்போச்செண்டு நீங்கள் அம்மாவுக்குச் சாட்டுச் சொன்னனீங்களாம். எனக்குச் சாட்டு வேண்டாம் அன்ரி. இதில வெட்கப்பட என்ன இருக்கு?” நான் எழுந்து நின்று, “அண்ணை, உண்மையாகவே நான்தான் மாத்திப் போட்டனான்” என்றேன். அவர் என் தலையில் தட்டி, “சித்தியில உமக்கு நல்ல பட்சம்” என்றார். அதற்குள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “யார் சொன்னது மாறிப்போச்செண்டு? என்ர பிள்ளை புத்தகம் மூண்டு தரம் வாசிச்சவள்! நீர் கண்டதுதான் தம்பி சரியான படம்!” என்றார். அம்மா வாயைத் திறந்தார், அப்பாவைப் பார்த்தார், சிவமணி அண்ணையைப் பார்த்தார், வாயை மூடினார்.

கலியாணத்துக்கு முன் சித்தி இடது கையால் எழுதிப் பழக முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார். இதைக் கேட்டு எழுதும்போதே எனக்கு இது சரியாகப் படவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன். சிவமணி அண்ணைக்கு இப்போது ஒன்பதாம் படத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். விரிப்புச் சுவரில் ஏறிவிட்டது, கம்பளியும் ஜன்னலில் தொங்குகிறது. நான் புரொஜெக்டர் மேசையில் வைத்தே இதை எழுதுகிறேன், ஸ்லைட் கையில் இருக்கிறது. அம்மா வந்து குனிந்து என் காதுக்குள், “நேற்றுப் போட்ட பக்கமாவே போடு” என்றார். “பிறகு சித்தி வந்து இறங்கினா என்ன செய்யிறது?” என்று கேட்டேன். “வந்து இறங்கட்டும் முதல்” என்றார். எந்தப் பக்கமாகப் போடுகிறேன் என்பதை உங்களுக்கு அடுத்த வரியில் எழுத நினைக்கிறேன், ஆனால் இதோ அப்பா விளக்கை அணைக்கிறார்.